எண்ணூர் கழிமுகம்: எண்ணெய் வந்த வழி

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே மெதுவாக நகர்ந்தபடி மழையைக் கொட்டியது. தென்சென்னையில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் வந்த வெள்ளத்தில் எண்ணெய் கலந்திருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவர்களில் கறுப்புக் கோடு நின்றது. காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம், எண்ணூர்க் குப்பம், முகத்துவாரக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று கழியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் படகு, வலை, கயிறு, கரை எல்லாவற்றிலும் பிசுபிசுப்பாக எண்ணெய் ஒட்டியது. கூழைக்கடாக்கள் இறகு நனைந்து பழுப்பாகித் திரிந்த படங்கள் வந்தபோதுதான் நகரத்தின் மற்ற பகுதி திரும்பிப் பார்த்தது.

எண்ணெய் மணலியில் உள்ள சிபிசிஎல் (சென்னை பெட்ரோலிய நிறுவனம்) சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கடலோரக் காவல்படை வானிலிருந்து பார்த்தபோது எண்ணெய்ப் படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரவியிருந்தது. செய்தியாக இது இவ்வளவுதான். ஆனால் மணலி ஆலைக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் இடையே பல கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. ஒரு தொழிற்சாலை வளாகத்தில் தேங்கியிருந்த எண்ணெய், அந்தத் தூரத்தைக் கடந்து இறால் பிடிக்கிறவரின் வலைக்கு எப்படி வந்து சேர்ந்தது? இதற்குப் பதில் தேடினால் எண்ணூர் கழியின் நிலவியல் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மேற்கிலிருந்து வருவது கொசஸ்தலை ஆறு. பழைய பெயர் கொற்றலை. ஏறக்குறைய 136 கிலோமீட்டர் நீளம். ஆந்திரப் பக்கமிருந்து நகரி, நந்தி ஆறுகள் வந்து இதில் சேர்கின்றன. கேசவரம் அணைக்கட்டில் கூவம் பிரிந்து தனியே போகிறது. 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் இந்த ஆற்றின் குறுக்கேதான் இருக்கிறது. சென்னை குடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு இங்கே தேங்கியது. பூண்டிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையோரம் இருக்கும் அதிரம்பாக்கத்தில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வில் அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது என்று தெரிந்தது. மனிதர் இந்த ஆற்றைப் பயன்படுத்தி வந்த காலம் அவ்வளவு நீளம். அதைப் பாழாக்கியதற்கு அறுபது ஆண்டு போதுமானதாக இருந்தது.

பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி ஆறு மணலி புதுநகர், சடையங்குப்பம் வழியாக எண்ணூரை நெருங்குகிறது. புழல் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீரும் கால்வாய் வழியாக இங்கேதான் வந்து விழும். அப்புறம் தெற்கிலிருந்து, நகரத்துக்குள்ளே புகுந்து வரும் பக்கிங்காம் கால்வாய். அது கழியில் கலந்து, மறுபுறம் வடக்கே பழவேற்காடு வரைக்கும் ஆந்திரத்துக்குள்ளும் தொடர்கிறது. கழிக்கே வடக்கு நோக்கி நீளும் ஒரு கை உண்டு. காட்டுப்பள்ளி மணல்திட்டுக்குப் பின்னால் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வழியே பழவேற்காடு ஏரியோடு அது இணைகிறது. இந்த எல்லாத் தண்ணீரும் கடலுக்குப் போக எண்ணூரில் இருப்பது ஒரே வாசல், முகத்துவாரம்.

இப்போது எண்ணெயின் வழி தெரியும். ஆலையைச் சுற்றியுள்ள மழைநீர் வடிகால் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. கால்வாய் கழியில் விழுகிறது. சாதாரண நாளில் கால்வாய்த் தண்ணீர் நகர்வதே தெரியாது. அதில் விழும் கசிவு அடியிலும் ஓரத்திலும் படிந்து கிடக்கும். பெருவெள்ளம் வரும்போது அத்தனையும் கிளம்பி மேலே மிதந்து ஒரே நேரத்தில் கீழே வருகிறது. கழியில் அதைக் கடல் ஏற்றம் எதிர்கொண்டு தடுக்கிறது. ஏற்றத்தில் எண்ணெய் கரையோரச் சேற்று நிலத்திலும் அலையாத்திச் செடிகளுக்குள்ளும் ஏறுகிறது. வற்றத்தில் தண்ணீர் மட்டும் இறங்குகிறது, எண்ணெய் தங்கிவிடுகிறது. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டி வைத்திருக்கும் மூச்சு வேர்களில் அது பூசிக்கொண்டால் வேருக்குக் காற்று போகாது. கடலில் கொட்டிய எண்ணெயைவிடக் கழியில் கொட்டிய எண்ணெய் கொடியது என்பதற்கு இதுதான் காரணம். திறந்த கடலில் அலையும் வெயிலும் அதைச் சிதைக்கும். கழியில் அது சேற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு ஆறு வருடம் முன்னால் கடல் வழியாகவும் ஒருமுறை இது நடந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. முதலில் பெரிய கசிவு இல்லை என்றார்கள். பிறகு கணக்கிட்டபோது சுமார் 196 டன். எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் எண்ணெய்க் கட்டியை அள்ளினார்கள். 2023-லும் அள்ளியது குப்பத்து ஆட்கள்தான். முதல் நாட்களில் கையில் கிடைத்த பாத்திரத்தோடு படகில் போய் அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். இரண்டு கசிவுக்கும் நடுவே, வாளிக்குப் பதிலாக ஒரு நல்ல ஏற்பாட்டைத் தயாராக வைத்திருக்க ஆறு ஆண்டு அவகாசம் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கழிக்குத் திரும்புவோம். எண்ணூரும் கத்திவாக்கமும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே சென்னையோடு சேர்ந்துவிட்ட ஊர்கள். 1708-ல் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் கத்திவாக்கமும் ஒன்று. 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டினார். பல பத்தாண்டுகளில் அது வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில், பட்டினியில் வந்த மக்களை வைத்து நகரத்துக்குள் இருந்த இடைவெளியையும் வெட்டி இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. விறகும் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் படகில் சென்னைக்கு வந்த வழி அது. 1960-களின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றது. அதற்குள் கால்வாய் சாக்கடையாகவும் மாறத் தொடங்கியிருந்தது.

வெள்ளைக்கார அதிகாரிகள் வார இறுதியில் எண்ணூருக்கு வந்து காற்று வாங்கினார்கள், பாய்மரப் படகு ஓட்டினார்கள். அத்திப்பட்டில் உப்பளங்கள் இருந்தன. கழியில் நடந்த மீன்பிடிக்கு அதற்கென்று ஒரு முறை இருந்தது. பழவேற்காட்டுப் பகுதி முழுக்க வழக்கத்தில் உள்ள 'பாடு' முறை அது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரும், ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது. வலை இல்லாத இருளர்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். வெள்ளை இறால், மடவை, கிழங்கான், கொடுவா, ஊடான், கழி நண்டு எல்லாம் இங்கே கிடைத்தவை. கடலில் அலை அதிகமாகி வள்ளம் இறக்க முடியாத நாட்களில் கடல் மீனவரும் கழிக்கு வந்துவிடுவார். மழைக்காலத்துக் குடும்பச் செலவு இந்தக் கழியை நம்பித்தான் ஓடியது.

சுதந்திரத்துக்குப் பின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1940-களின் கடைசியில் எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை. 1960-களின் கடைசியில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, அதை ஒட்டி உரம், பெட்ரோ ரசாயனம். 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம், பிறகு 450 மெகாவாட்டுக்கு வளர்ந்து 2017-ல் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம், அதன் இரண்டாம் கட்டம் 2010-களில், மூன்றாம் கட்டம் 2024-ல். நடுவே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இப்போது அதன் பெயர் காமராசர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம்.

மின் நிலையத்துச் சாம்பல்தான் கழிக்கு நேர்ந்த ஆக மெதுவான, ஆக நிரந்தரமான கேடு. நிலக்கரியை எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். வடசென்னை நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் பக்கம் பரந்து கிடக்கிறது. குழாய்கள் கழியையும் அதன் கிளைகளையும் தாண்டிப் போகின்றன. பழைய குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் குழம்பு நேராகக் கழியில் கொட்டும். வருடக்கணக்கில் கொட்டியது. சாம்பல் அடியில் படிந்து இறுகி, சிமென்ட் போட்ட மாதிரி ஆகிவிடும். களிமண் சேற்றில்தான் இறால் பதுங்கும், புழு வாழும், நண்டு வளை தோண்டும். சாம்பல் தளத்தில் இவற்றில் எதுவும் நடக்காது. ஆளாழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர் என்று ஆற்றில் மீன்பிடிக்கிறவர்கள் சொல்வது இதைத்தான். கூடவே குளிர்விப்புக்குப் பயன்பட்ட சூடான தண்ணீரும் கழிக்கு வருகிறது.

காட்டுக்குப்பம் மீனவர்கள் 2016-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2022-ல் தீர்ப்பு வந்தது. மின் வாரியத்தின் பொறுப்பைச் சொல்லி, குழாய்களைச் சரிசெய்யவும் கொட்டிய சாம்பலை அகற்றிக் கழியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் பல வருடமாக அடுக்கடுக்காகப் படிந்ததை அள்ளுவது சாதாரண வேலையில்லை. எவ்வளவு ஆழத்தில் சாம்பல் முடிந்து இயற்கையான களி தொடங்குகிறது என்று இடத்துக்கு இடம் பார்த்து அள்ள வேண்டும். குறைவாக அள்ளினால் பயன் இல்லை, அதிகமாக அள்ளினால் கழியின் அடிநிலமே போய்விடும். அள்ளியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது அடுத்த கேள்வி.

சாம்பல் படிந்து ஆழம் குறைவதால் மீன் மட்டும் போகவில்லை. முகத்துவாரமும் அடைபடுகிறது. சென்னைக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுதான். அந்தச் சின்ன ஏற்றத்தில் கழிக்குள் எவ்வளவு தண்ணீர் நுழைகிறதோ, வற்றத்தில் அவ்வளவும் வேகமாக வெளியேறும்போது வாசலில் சேரும் மணலைத் தள்ளிக்கொண்டு போகும். கழி பரந்து ஆழமாக இருந்தால் நுழையும் தண்ணீர் அதிகம், வெளியே தள்ளும் விசையும் அதிகம். கழியை மேடாக்கினால், அதன் சதுப்பைக் கொட்டி நிரப்பினால், அந்த விசை போய்விடும். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் ஒரு துறைமுகச் சுவர் நீட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும், ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்து கல் கொட்ட வேண்டியதானதும் இதனால்தான். எண்ணூர் முகத்துவாரம் காமராசர் துறைமுகச் சுவருக்குத் தெற்கே இருக்கிறது. மணல் சேரும் பக்கத்தில் வாசல், உள்ளே தள்ளும் விசையும் குறைவு. வாசல் அடைந்தால் படகு வெளியே போக முடியாது. வெள்ளமும் வெளியே போக முடியாது. கொசஸ்தலையின் வெள்ளம், புழலின் உபரி, பக்கிங்காம் கால்வாயின் வடிகால் எல்லாம் ஊருக்குள் திரும்பும்.

இவ்வளவும் எப்படி அனுமதிக்கப்பட்டது? என் பார்வையில் முழு விஷயத்தின் மையம் இங்கே இருக்கிறது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தமிழ்நாட்டுக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர் கழி சுமார் 6,500 ஏக்கர், அதாவது ஏற்றவற்றம் வந்துபோகும் பாதுகாக்கப்பட்ட நீர்நிலை. அதில் கட்டுமானம் கூடாது. பிறகு 2009 தேதியிட்ட இன்னொரு வரைபடம் புழக்கத்துக்கு வந்தது. அதில் கழியே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கேட்டு வாங்கிய ஆவணங்களால்தான் 2017-ல் இது வெளியே வந்தது. வரைபடத்தில் இல்லாத தண்ணீரில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். நிலக்கரிக் கிடங்கு கட்டலாம், தூர்வாரிய மணலைக் கொட்டலாம், சாலை போடலாம். சதுப்பு நிலம் வருவாய்ப் பதிவில் புறம்போக்கு. ஆறு பொதுப்பணித் துறைக்கு, கால்வாய் இன்னொரு பிரிவுக்கு, கடற்கரை கடற்கரை மண்டல ஆணையத்துக்கு, சாம்பல் மின் வாரியத்துக்கு, மணல் துறைமுகத்துக்கு, எண்ணெய் ஆலைக்கு. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே சுற்றுச்சூழல் அறிக்கை எழுதி அனுமதி வாங்கினார்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் பாதிப்பு தாங்கக்கூடியதாகத் தெரிந்தது. அத்தனையும் சேர்ந்து ஒரே தண்ணீரில் விழுகின்றன என்று கூட்டிப் பார்க்கிற வேலை எந்த மேசையிலும் இருக்கவில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் தள்ளிவைத்தார்கள். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே கடலுக்கும் கழிக்கும் தடுப்பாக நிற்பது அந்த மெல்லிய மணல்திட்டுதான். அது போனால் இரண்டு பக்கமும் போகும்.

இதற்கு நடுவே வந்த இன்னொரு விருந்தாளி காக்கா ஆழி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி அது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வரும் தண்ணீரோடு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கேரளத்தின் காயல்களில் முன்பே பரவியிருந்தது. சில ஆண்டுகளாக எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கமும் கழியின் அடியைக் கம்பளமாகப் போர்த்தி மூடிவிட்டது. அது மூடிய இடத்தில் இறால் சேற்றுக்குள் போக முடியாது. உள்ளூர்ப் பச்சை ஆழியும் மட்டியும் இடம் இழக்கின்றன. கையால் தடவிப் பிடிக்கிறவருக்கு அதன் ஓடு கையைக் கிழிக்கிறது. நோஞ்சானாகிப் போன கழியில்தான் இப்படி ஒரு அந்நிய உயிர் இவ்வளவு சீக்கிரம் வேரூன்றும்.

அந்த டிசம்பர் எண்ணெயோடு முடியவில்லை. 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் மூச்சுத் திணறிச் சாலைக்கு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒரே மாதத்தில் ஒரே ஊருக்கு வெள்ளம், எண்ணெய், அம்மோனியா.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு மொத்தம் 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. உடனடிச் செலவுக்கு இது உதவியிருக்கும். இழப்பைக் கணக்கிட்ட தொகையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் படிந்த சேற்றில் இறால் திரும்ப எத்தனை பருவம் ஆகும், எண்ணூர் மீன் என்றாலே சந்தையில் வாங்கத் தயங்கிய நாட்கள் எத்தனை, நாசமான வலையின் விலை என்ன என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். படகு இல்லாமல் கையால் இறால் பிடிக்கிறவரும், கரையில் மீன் வாங்கி எண்ணூர், திருவொற்றியூர்ச் சந்தைகளில் விற்கும் பெண்களும் படகுக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களுடைய நாள் வருமானத்தைத் தனியே எடுத்து, கசிவுக்குக் காரணமான நிறுவனத்திடமிருந்தே வசூலிக்க வேண்டும்.

கழிக்குச் செய்ய வேண்டியதையும் அதே கண்ணோடு பார்க்கலாம். 1996 வரைபடத்தை அடிப்படையாக வைத்து எல்லையைத் தரையில் அளந்து கல் நட வேண்டும். மணலி ஆலைகளின் மழைநீர் வடிகால் பக்கிங்காம் கால்வாயில் விழும் இடங்களில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் அடைப்பும் நிரந்தரமாக இருக்க வேண்டும், பருவமழைக்கு முன் அதை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் சோதிக்க வேண்டும். மிதவைத் தடுப்பும் எண்ணெய் உறிஞ்சும் கருவியும் எண்ணூரிலேயே கையிருப்பில் இருக்க வேண்டும், இயக்கத் தெரிந்த குப்பத்து இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு. சாம்பல் அகற்றும் வேலையும், காக்கா ஆழி அகற்றும் வேலையும், முகத்துவாரம் தூர்வாரும் வேலையும் இப்போது வெவ்வேறு ஒப்பந்தங்களாகப் போகின்றன. மூன்றையும் ஒரே திட்டமாக, முகத்துவாரத்தில் தொடங்கி மேற்கே போகிற வரிசையில் செய்தால்தான் ஒன்றில் தோண்டியது இன்னொன்றில் மூடாமல் இருக்கும். பக்கத்தில் எண்ணூர் அனல் நிலைய விரிவாக்கமாக 660 மெகாவாட் அலகு கட்டும் திட்டம் இருக்கிறது. அதற்கு அனுமதி தருமுன் கழி ஏற்கெனவே எவ்வளவு சாம்பலையும் சூட்டையும் சுமந்துகொண்டிருக்கிறது என்ற கூட்டுத்தொகையை முதலில் மேசையில் வைக்க வேண்டும்.